ஸ்விங் நின்றால் முதலில் பிளேடை ஊன்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் பராமரிப்பு, பைக் மைலேஜ் என்றெல்லாம் நாளிதழில் அடிக்கடி வருகிறது, நானும் விடாமல் படிக்கிறேன். ஆனால் ஒரே ஒரு மினி எக்ஸ்கவேட்டரை (மண் தோண்டும் சின்ன மிஷின்) வாங்கி, அதை நம்பியே குடும்பம் நடத்துகிறவர்களுக்காக எழுதப்பட்ட ஒரு பத்தியைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். ஒரே ஒரு பழுதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன், ஆனால் கொஞ்சம் நீளமாகச் சொல்லப்போகிறேன். இடம் இருந்தால் வெட்டாமல் போடுங்கள்.

பழுது இதுதான்: கேபினும் பூமும் (தோண்டுகிற கையின் அடிப்பாகம்) இருக்கிற மேல்பாகம், செயினுக்கு மேலே சுற்ற மறுப்பது. எங்கள் தொழிலில் "ஸ்விங் போயிடுச்சு" என்போம். சில மிஷின் சுத்தமாகச் சுற்றாது. சில மிஷின் ஒரு பக்கம் மட்டும் சுற்றும். சிலது காலையில் நன்றாகச் சுற்றிவிட்டு மத்தியானம் ஆனால் நகரவே யோசிக்கும், இன்னும் சிலது லீவரை விட்ட பிறகும் நிற்காமல் தன்பாட்டுக்கு ஓடும். இவை நான்கும் நான்கு வேறு நோய்கள். ஆனால் பக்கத்தில் நிற்கிறவர்கள் நான்குக்கும் ஒரே பெயர்தான் வைப்பார்கள்: ஸ்விங் மோட்டார் அவுட். அந்தப் பேச்சைக் கேட்டுக் கழற்றி என்னிடம் கொண்டுவரப்பட்ட மோட்டார்களில் பெரும்பாலானவை நல்ல மோட்டார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால், மூன்றரை டன் மிஷின் ஒன்று. வெயில் ஏற ஏற ஸ்விங் தளர்ந்துவிடும். லீவரை முழுசாகத் தள்ளினாலும், பக்கெட்டில் மண் இருந்தால் திரும்பாது. காலி பக்கெட் என்றால் மெல்லத் திரும்பும். அதை ஓட்டிய தம்பி, "அண்ணே, பிளேடும் கொஞ்ச நாளா சோம்பலாத்தான் வேலை செய்யுது" என்று ஒரு வார்த்தை சொன்னான். (பிளேடு என்பது செயினுக்கு முன்னால் மண்ணைத் தள்ளுகிற தட்டு.) எனக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அப்போது நான் வேலை பார்த்த பட்டறையில் மோட்டாரை இறக்கச் சொன்னார்கள், இறக்கினோம், வேறு மோட்டாரை ஏற்றினோம், ஸ்டார்ட் செய்து எண்ணெய் சூடாகிற வரைக்கும் ஓட்டினால் மறுபடியும் அதே கதை. பத்து நாள் மிஷின் நின்றது. கடைசியில் ஸ்விங்குக்கும் பிளேடுக்கும் பொதுவான ரிலீஃப் வால்வை (பிரஷர் அளவுக்கு மேல் ஏறினால் திறந்து எண்ணெயை டேங்குக்குத் திருப்பிவிடுகிற வால்வ்) கழற்றிப் பார்த்தபோது, அதன் சீட்டில் வெட்டிப் போட்ட நகத்துண்டு அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர் சீவல் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ கிழிந்து வந்த ஓ-ரிங் துண்டு. அது வால்வை முழுசாக மூட விடவில்லை. காலையில் எண்ணெய் தடிப்பாக இருக்கும்போது அந்த இடுக்கு வழியாகக் கொஞ்சம்தான் கசிந்தது, சூடேறி எண்ணெய் நீர்த்த பிறகு வேலைக்குப் போக வேண்டிய பிரஷர் அந்த வழியாக டேங்குக்கே திரும்பிவிட்டது. ஒரு ஊசி முனையால் அதைத் தட்டி எடுத்தோம். மிஷின் சரியாகிவிட்டது.

அந்தத் தம்பி முதல் நாளே விடையைச் சொல்லிவிட்டான். பிளேடும் ஸ்விங்கும் ஏன் சேர்ந்து படுக்கும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

சின்ன எக்ஸ்கவேட்டர்கள் பலவற்றில் இன்ஜினோடு ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பம்ப்கள் இருக்கும். முதல் இரண்டு பிஸ்டன் பம்ப்கள்: பூம், ஆர்ம், பக்கெட், இரண்டு செயின்களின் ஓட்டம் எல்லாம் அவற்றின் பொறுப்பு. மூன்றாவது ஒரு கியர் பம்ப், அதுதான் ஸ்விங்குக்கும் பிளேடுக்கும் எண்ணெய் கொடுக்கிறது. அதற்கும் பின்னால் ஒரு குட்டி பம்ப், ஜாய்ஸ்டிக்கிலிருந்து வால்வுக்குச் செய்தி போகிற பைலட் லைனுக்கு மட்டும். ஆகவே ஸ்விங் தளர்ந்தால் முதலில் கேட்க வேண்டிய சாட்சி பிளேடுதான். சமதளத்தில் மிஷினை நிறுத்தி, பிளேடைத் தரையில் ஊன்றி, செயினின் அந்த முனையைத் தூக்கச் சொல்லுங்கள். வழக்கமான வேகத்தில் தூக்கினால் மூன்றாவது பம்ப் நன்றாக இருக்கிறது, பழுது அதைத் தாண்டி ஸ்விங் ஸ்பூலிலோ (வால்வுக்குள் நகர்ந்து எண்ணெயை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பிவிடுகிற தண்டு) மோட்டாரிலோ பிரேக்கிலோ இருக்கிறது. பிளேடும் திணறினால் மோட்டார் பக்கமே போகாதீர்கள், பம்ப், அதன் ரிலீஃப் வால்வ், டேங்கிலிருந்து எண்ணெய் உறிஞ்சும் வழி, இவற்றைப் பாருங்கள். எல்லா மிஷினும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில மாடல்களில் ஒரே பம்ப் எல்லா வேலையையும் பகிர்ந்து செய்யும், அங்கே பிளேடு மட்டும் சாட்சி ஆகாது, பூமையும் ஆர்மையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும். உங்கள் மிஷின் எந்த வகை என்பது அதன் ஹைட்ராலிக் சர்க்யூட் படத்தில் இருக்கிறது. அந்தப் படம் இல்லாமல் ஸ்பேனரை எடுப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவது மாதிரி.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்னக் குழப்பம் இருக்கிறது, அதைத் தீர்த்துவிட வேண்டும். போனில் "ஸ்விங் வேலை செய்யல" என்றால் நான் உடனே கேட்பது, "கேபின் சுத்தலையா, பூம் மட்டும் மடங்கலையா?" என்றுதான். மினி மிஷினில் இரண்டு அசைவு உண்டு. மேல்பாகம் முழுக்க வட்டமாகச் சுற்றுவது ஒன்று. சுவர் ஓரமாகத் தோண்டுவதற்காக, கேபின் அசையாமல் பூமின் அடி மட்டும் இடமும் வலமும் மடங்குவது இன்னொன்று, அதைப் பெரும்பாலும் பெடலில் இயக்குவார்கள். இரண்டையும் ஸ்விங் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பூம் மடங்குவதற்கு மோட்டாரே கிடையாது, ஒரு சிலிண்டர்தான். பெரிய எக்ஸ்கவேட்டரை ஓட்டிவிட்டு மினிக்கு வருகிறவர்களுக்கு இந்த இரண்டாவது அசைவு பழக்கமே இருக்காது. போனில் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் தப்பான சாமான்களோடு போய் நிற்க வேண்டியதில்லை.

அப்புறம் லாக் பின். லாரியில் ஏற்றும்போது மேல்பாகம் திரும்பாமல் இருக்கப் போடுவார்கள், இறக்கிய பிறகு எடுக்க மறந்துவிடுவார்கள். அது போட்டிருக்கும்போதே லீவரை முட்டி முட்டித் தள்ளிப் பின்னை வளைத்தவர்கள் உண்டு. பாதுகாப்பு லீவரும் அப்படித்தான்: கேபினில் ஏறி இறங்கும் பக்கத்தில் இருக்கும் அந்த லீவர் தூக்கியிருந்தால் ஜாய்ஸ்டிக்கில் செய்கிற வேலை எதுவுமே நடக்காது. ஆனால் பூமும் பக்கெட்டும் வேலை செய்து ஸ்விங் மட்டும் இல்லை என்றால், அந்த லீவரைச் சந்தேகப்பட வேண்டாம்.

இப்போது முக்கியமான சோதனை. இதற்கு ஒரு கருவியும் வேண்டாம், காது போதும்.

சமதளத்தில் மிஷினை நிறுத்துங்கள். சரிவில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது, மேட்டுப் பக்கம் மெதுவாகவும் பள்ளத்துப் பக்கம் வேகமாகவும் சுற்றுவது நல்ல மிஷினிலும் நடக்கும். சுற்றிலும் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, காலி பக்கெட்டை உள்ளே இழுத்து வைத்து, இன்ஜினைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஸ்விங் லீவரை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்து இரண்டு மூன்று விநாடி இன்ஜினைக் கேளுங்கள். அது முக்குகிறதா, முக்கவில்லையா? முக்கினால், எண்ணெய் பிரஷரோடு மோட்டார் வரை வந்துவிட்டது, ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம்: பிரேக் விடவில்லை, கியர் பாக்ஸ் இறுகிவிட்டது, பல்லுக்கு இடையில் ஏதோ மாட்டியிருக்கிறது, அல்லது அந்த மறந்துபோன பின். இன்ஜின் எந்தக் கவலையும் இல்லாமல் அதே சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தால் பிரஷரே ஏறவில்லை. பம்ப் கொடுக்கவில்லை, அல்லது ரிலீஃப் வால்வ் திறந்தே கிடக்கிறது, அல்லது ஸ்பூல் நகரவில்லை, அல்லது மோட்டாருக்குள்ளேயே எண்ணெய் வழுகி மறுபக்கம் போய்விடுகிறது. லீவரை ரொம்ப நேரம் பிடிக்காதீர்கள், ரிலீஃப் வழியாகப் போகிற எண்ணெய் சீக்கிரம் கொதித்துவிடும். இந்த மூன்று விநாடியில் பாதிச் சந்தேகங்கள் விலகிவிடும். இதைச் செய்யாமல் மோட்டாரின் போல்ட்டில் கை வைக்கிறவரை மெக்கானிக் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முக்குகிற மிஷினில் நான் அடுத்துப் பார்ப்பது பிரேக். இதில்தான் பலருக்கும் கணக்கு தலைகீழாகப் போகிறது. காரில் பெடலை மிதித்தால் பிரஷர் போய் பிரேக் பிடிக்கும். ஸ்விங் மோட்டாருக்குள் இருக்கிற பார்க்கிங் பிரேக் அதற்கு நேர் எதிர். தட்டு தட்டாக அடுக்கியிருக்கும் டிஸ்க்குகளை ஸ்பிரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும், பைலட் பிரஷர் வந்து அந்த ஸ்பிரிங்கைத் தள்ளினால்தான் பிரேக் விடும். ஆக, பிரஷர் வராவிட்டால் மிஷின் பூட்டியபடியே நிற்கும். பிரேக்குக்கு வருகிற அந்த மெல்லிய ஹோஸ் மடங்கியிருந்தாலும் சரி, பிஸ்டன் சீல் கிழிந்திருந்தாலும் சரி, அந்த எண்ணெயைக் கரன்டில் திறந்துவிடுகிற சொலினாய்டு வால்வின் காயில் செத்திருந்தாலும் சரி, மோட்டார் தன் பிரேக்கோடு தானே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். (மிகச் சின்ன மிஷின்கள் சிலவற்றில் இந்த பிரேக்கே இருக்காது, சர்க்யூட் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) பைலட் பிரஷர் பல மிஷின்களில் 30 முதல் 40 பார் வரை இருக்கும். பிரேக் போர்ட்டில் ஒரு கேஜை மாட்டி, லீவரைத் தொட்டதும் முள் ஏறுகிறதா என்று பார்த்தால் போதும். சில மிஷின்களில் பாதுகாப்பு லீவரை இறக்கியதுமே பிரேக் விட்டுவிடும், அங்கே அப்போதே ஏற வேண்டும். ஏறி, அப்படியே நின்றால், பிரஷர் பிரேக் வரை வந்து சேர்ந்துவிட்டது. அப்புறமும் திரும்பவில்லை என்றால் உள்ளே டிஸ்க் ஒட்டியிருக்கிறது அல்லது கியர் பாக்ஸ் பிடித்திருக்கிறது, அப்போதுதான் பிரிக்க வேண்டும். முள் ஏறவே இல்லை என்றால் பின்னோக்கிப் போங்கள்.

பின்னோக்கிப் போகும்போது சொலினாய்டு வரும். மீட்டர் கையில் இல்லை என்றால் ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். காயிலின் மேல் நட்டில் அதன் முனையை வையுங்கள், கேபினில் இன்னொருவர் கரன்ட் போகும்படி செய்யட்டும், கரன்ட் வந்தால் காந்தம் மாதிரி முனையைப் பிடித்து இழுக்கும், கையிலேயே தெரியும். இழுக்கவில்லை என்றால் ஃபியூஸ், ஒயர், கனெக்டர். மினி மிஷின்களில் பெரும்பாலும் 12 வோல்ட்தான், கனெக்டரில் கொஞ்சம் களிம்பு பிடித்தாலும் அந்த வோல்ட் வழியிலேயே செத்துவிடும். மிஷினை பிரஷர் வாஷ் செய்த மறுநாள் ஸ்விங் போனால், நான் நேராகக் கனெக்டரைத்தான் கழற்றுவேன். பித்தளைப் பின்களில் பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருக்கும், சுத்தம் செய்து மாட்டினால் வேலை முடிந்தது.

ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிற மிஷின் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் பாதிப் பழுதை அதுவே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டது. பம்ப் நன்றாக இருக்கிறது, இல்லை என்றால் அந்த ஒரு பக்கமும் சுற்றாது. பிரேக் விடுகிறது. கியர் பாக்ஸ் இறுகவில்லை. மிச்சம் இருப்பது இடம் வலம் என்று தனித்தனியாக இருக்கிற சில பாகங்கள் மட்டும்: ஜாய்ஸ்டிக்குக்குக் கீழே இருக்கும் பைலட் வால்வ், அதிலிருந்து போகிற ஹோஸ், ஸ்பூல், மோட்டாரின் மேல் இரண்டு பக்கமும் இருக்கும் ரிலீஃப் வால்வ்கள். இதில் எது என்று பார்க்க ஹோஸை இடம் மாற்றுவதைவிடச் சுலபமான வழி கிடையாது. உதாரணத்துக்கு இடது பக்கம் சுற்றவில்லை என்று வையுங்கள். ஸ்பூலின் இரு முனைக்கும் வருகிற பைலட் ஹோஸ்களை ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டுங்கள். இப்போது லீவரை இடது பக்கம் தள்ளினால் மிஷின் வலது பக்கம் சுற்ற வேண்டும், அதை மறந்துவிடக் கூடாது, பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு இதைச் செய்யவே கூடாது. மாற்றிய பிறகும் லீவரை இடது பக்கம் தள்ளும்போதுதான் சுற்றவில்லை என்றால் பழுது லீவர் பக்கம், அதாவது பைலட் வால்வ் அல்லது அதன் ஹோஸ். மாறாக, லீவர் எந்தப் பக்கம் இருந்தாலும் மிஷின் இடது பக்கம் போகத்தான் மறுக்கிறது என்றால் பழுது ஸ்பூலிலோ மோட்டாரிலோ இருக்கிறது. பைலட் ஹோஸ்களைப் பழையபடி மாட்டிவிட்டு, இதே விளையாட்டை மோட்டாருக்குப் போகிற இரண்டு பெரிய ஹோஸ்களில் செய்தால் ஸ்பூலா மோட்டாரா என்பதும் தெரிந்துவிடும். மோட்டாரின் இரண்டு ரிலீஃப் வால்வ்களும் ஒரே மாதிரி இருந்தால் அவற்றையே இடம் மாற்றியும் பார்க்கலாம். புதுப் பாகம் ஒன்றுகூட வாங்காமல் இவ்வளவும் தெரிகிறது.

ஹோஸைப் பற்றி ஒன்று. வெளியே பளபளப்பாக இருக்கிற ஹோஸ் உள்ளே செத்திருக்கலாம். நான் பார்த்த ஒரு மிஷினில் பைலட் ஹோஸின் உள்தோல் உரிந்து ஒரு மடிப்பாக நின்றிருந்தது, எண்ணெய் போகும்போது மடிப்பு எழுந்து வழியை அடைத்துக்கொள்ளும், திரும்பி வரும்போது படுத்துக்கொள்ளும். ஊதிப் பார்த்தால் ஒரு பக்கமிருந்து காற்று போனது, மறுபக்கமிருந்து போகவில்லை.

இனி, பிடித்துப் பிடித்துச் சுற்றுகிற மிஷின். இதற்கு ஒரு சாக்பீஸ் வேண்டும். மேல்பாகத்தில் ஒரு கோடும், அதற்கு நேர் கீழே செயின் ஃபிரேமில் ஒரு கோடும் போட்டுவிட்டு மெதுவாகச் சுற்றுங்கள். சிக்குகிற இடத்தில் கீழே இன்னொரு கோடு. மூன்று நான்கு சுற்று விடுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே கோட்டில்தான் சிக்குகிறது என்றால் அது எண்ணெய்ப் பழுது இல்லை, பல் பழுது அல்லது பேரிங் பழுது. எண்ணெய்க்கு எந்த இடம் என்று தெரியாது, பல்லுக்குத் தெரியும். மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் ஸ்விங் பேரிங்கின் உள்வட்டத்தில்தான் பெரும்பாலும் பற்கள் வெட்டப்பட்டிருக்கும், மோட்டாரின் பினியன், அதாவது சின்னப் பல்சக்கரம், அதில் கடித்துக்கொண்டு ஓடும். பள்ளத்தில் ஒரே பக்கமாக மண்ணை அள்ளி ஒரே பக்கமாகக் கொட்டுகிற வேலை வருடக்கணக்கில் நடந்தால் அந்தக் கால் வட்டத்துப் பல் மட்டும் தேய்ந்திருக்கும்.

பல்லைப் பார்க்க ஃபிரேமில் ஒரு மூடி இருக்கும். இன்ஜினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அதைத் திறங்கள். இன்ஜின் ஓடும்போது அதற்குள் விரலை விட்ட கைகளை நான் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி இங்கே எழுத மனசு வரவில்லை. உள்ளே இருக்கிற கிரீஸை விரல் நுனியில் எடுத்து வெயிலில் வைத்து மெல்லத் தேய்த்துப் பாருங்கள். நல்ல கிரீஸ் வழவழவென்று ஒரே நிறமாக இருக்கும். காக்காப்பொன் தூவின மாதிரி மினுக்கினால் அது இரும்புத் தூள். பால் ஊற்றிப் பிசைந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நறநறவென்றால் மண். மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் மேற்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பேரிங்குக்கு ஒரு கிரீஸ் நிப்பிள், பல்லுக்கு ஒரு கிரீஸ் நிப்பிள் என்று பல மிஷின்களில் தனித்தனியாக இருக்கிறது, பலர் ஒன்றை மட்டுமே கவனிக்கிறார்கள். அதையும் ஒரே இடத்தில் நிறுத்தி கிரீஸ் கன்னை அமுக்கிக்கொண்டே இருந்தால் ஒரு பக்கம் மட்டும்தான் கிரீஸ் போகும். கொஞ்சம் அடித்து, கால் வட்டம் திருப்பி, இன்ஜினை நிறுத்தி, மறுபடி கொஞ்சம் அடிக்க வேண்டும். ஸ்விங் பேரிங் போல்ட்டுகளையும் பாருங்கள். தலையைச் சுற்றித் துரு கோடு மாதிரி கசிந்திருந்தால் அந்த போல்ட் அசைந்துகொண்டிருக்கிறது.

மத்தியானப் பழுதைப் பற்றிச் சுருக்கமாக. எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது மட்டும் சோம்பல் என்றால் எண்ணெயின் தடிமன், அடைத்த ஸ்டிரெயினர் (எண்ணெய் வடிகட்டி), இவற்றைப் பாருங்கள். சூடான பிறகு மட்டும் சோம்பல் என்றால் எங்கோ உள்கசிவு. அவ்வளவுதான்.

லீவரை விட்ட பிறகும் ஓடுகிற மிஷினில் பார்க்க வேண்டியது மோட்டாரின் ரிலீஃப் வால்வ்களையும் பிரேக் டிஸ்க்குகளையும். கொஞ்சம் ஓடி நிற்பது இயல்புதான், எத்தனை டிகிரி வரை ஓடலாம் என்று சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். சரிவில் நிறுத்திவிட்டு வந்தால் மேல்பாகம் தானாகத் திரும்புகிறது என்றால் அந்த மிஷினை அன்றைக்கே நிறுத்துங்கள்.

மேல்பாகத்திலிருந்து கீழ்பாகத்துக்கு எண்ணெயைக் கொண்டுபோகிற சுழல் இணைப்பான சென்டர் ஜாயின்ட் மீதும் ஒரு வீண் பழி இருக்கிறது. "சென்டர் ஜாயின்ட் சீல் போச்சு, அதான் ஸ்விங் இல்ல" என்று சொல்லி அதைப் பிரித்துப் போடுகிறார்கள். ஸ்விங் மோட்டார் மேல்பாகத்தில் இருக்கிறது, அதற்குப் போகிற எண்ணெய் சென்டர் ஜாயின்ட் வழியாகப் போவதே இல்லை. கீழே இருக்கிற செயின் மோட்டார்களுக்கும் பிளேடுக்கும் போகிற எண்ணெய்தான் அதன் வழியாகப் போகிறது. அதன் சீல் கிழிந்தால் மிஷின் கோணலாக ஓடும், பிளேடு இறங்கும், ஆனால் ஸ்விங்குக்கு ஒன்றும் ஆகாது. பிளேடு மட்டும் சோம்பல், ஸ்விங் நன்றாக இருக்கிறது என்றால் அப்போது அதைச் சந்தேகப்படுங்கள், நியாயம்.

இவ்வளவும் பார்த்து, சந்தேகம் மோட்டார் மீதே விழுந்தாலும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. பிஸ்டன் வகை மோட்டாரில் உள்ளே கசிகிற எண்ணெய் டேங்குக்குத் திரும்ப ஒரு மெல்லிய ஹோஸ் இருக்கும், கேஸ் டிரெயின் என்போம். அதைக் கழற்றி ஒரு சுத்தமான பாத்திரத்தில் விட்டு, மிஷின் சுற்றாதபடி முட்டுக்கொடுத்து, லீவரைச் சில விநாடி பிடித்தால் எவ்வளவு எண்ணெய் வருகிறது என்று அளக்கலாம். அந்த அளவை சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிற அளவோடு ஒப்பிடுங்கள். குழாயைத் திறந்த மாதிரி கொட்டினால் மோட்டார் தேய்ந்துவிட்டது, கழற்றுங்கள், இப்போது சரி. ஆனால் அந்த ஹோஸை ஒருபோதும் அடைத்துவிட்டு மிஷினை இயக்காதீர்கள், மோட்டாரின் ஷாஃப்ட் சீல் வெடித்து வெளியே வந்துவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்: ரிலீஃப் வால்வின் ஸ்குரூவை முறுக்காதீர்கள். ஸ்விங் தளர்ந்தால் "அரைச் சுத்து டைட் வை, சரியாயிடும்" என்று சொல்ல எப்போதும் ஒருவர் பக்கத்தில் நிற்பார். சில நாள் சரியாகத்தான் தெரியும். தேய்ந்த பம்பை மேலும் கசக்கிப் பிழிகிறோம், ஹோஸும் பினியன் பல்லும் தாங்க வேண்டிய அளவுக்கு மேல் தாங்குகின்றன, உண்மையான பழுது உள்ளேயே வளர்கிறது. எந்தப் பிரஷரில் வைக்க வேண்டும் என்ற எண் புத்தகத்தில் இருக்கிறது, அதைக் கேஜ் மாட்டித்தான் வைக்க வேண்டும். கேஜ் இல்லாமல் அந்த ஸ்குரூவைத் தொட்ட மிஷின் என்னிடம் வந்தால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் அதைத்தான் முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

சுத்தமும் அதே அளவு முக்கியம். நல்ல கண்ணுக்கே ஏறத்தாழ 40 மைக்ரானுக்குக் கீழே தூசி தெரியாது. எண்ணெயின் சுத்தத்துக்கு இருக்கிற ஐஎஸ்ஓ 4406 அளவீடு 4, 6, 14 மைக்ரான் அளவுகளிலும் அவற்றுக்கு மேலும் எத்தனை துகள் என்று எண்ணுகிறது, அதாவது நம்மைக் கெடுக்கிற துகள் நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. ஹோஸைக் கழற்றினால் உடனே மூடி போடுங்கள், துணியைச் சுருட்டித் திணிக்காதீர்கள், அதன் நூலே ஸ்பூலில் போய் உட்காரும். பம்ப் உடைந்து தூள் கலந்த எண்ணெயிலேயே புது மோட்டாரை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

பாதுகாப்பு பற்றி இரண்டு விஷயம். மேல்பாகம் சுற்றும்போது அதற்கும் சுவருக்கும் நடுவில் ஆள் சிக்குவதுதான் இந்த மிஷின்களில் மிகக் கொடுமையான விபத்து. பின்பக்கம் செயினுக்கு வெளியே நீட்டாத மிஷின்கள் இருக்கின்றன, 1993-இல் யான்மார் தன் வியோ வரிசையைக் கொண்டுவந்த பிறகு பலரும் அப்படிச் செய்கிறார்கள், ஆனால் அதை நம்பிப் பக்கத்தில் நிற்காதீர்கள், முன்பக்கம் பூமும் பக்கெட்டும் சுற்றத்தானே செய்கிறது. இரண்டாவது, ஊசித்துளைக் கசிவை விரலால் தேடாதீர்கள். 200 பார் பக்கத்தில் பீய்ச்சுகிற எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். காயம் எறும்பு கடித்த மாதிரிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது, ஆனால் உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலோ கையோ போய்விடும். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், போதும். எண்ணெய் ஏறியது என்று சந்தேகம் வந்தாலே நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன எண்ணெய், எவ்வளவு பிரஷர் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

மிஷின் வைத்திருக்கிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. சர்க்யூட் படத்தை ஒரு பிரதி எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு சீட்டுக்குப் பின்னால் வையுங்கள். பழுது வந்தால் மெக்கானிக்கிடம் நீங்கள் பேசுவதற்கு முன் ஓட்டுகிற தம்பியைப் பேச விடுங்கள். தினம் எட்டு மணி நேரம் அந்த லீவரில் கை வைத்திருக்கிறவனுக்குத் தெரிவது, ஒரு மணி நேரம் வந்து பார்க்கிற எனக்குத் தெரியாது. எப்போது ஆரம்பித்தது, சூட்டிலா குளிரிலா, ஒரு பக்கமா இரண்டு பக்கமா, கூடவே வேறு எது சோம்பலானது, இந்த நான்குக்கும் அவனிடம் பதில் இருக்கும்.

உங்கள் வாசகர்களில் யாராவது நான் சொன்னதற்கு மாறான ஸ்விங் பழுதைப் பார்த்திருந்தால், எந்த வகை மிஷின், பிளேடு எப்படி இருந்தது, இன்ஜின் முக்கியதா என்ற விவரங்களோடு இந்தப் பகுதிக்கே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த வரை பதில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மினி எக்ஸ்கவேட்டர் பழுது பார்க்கும் ஒரு வாசகர்